இடிமேகத்தின் பின்னால் போன பிரேக் மேடம்

எங்கள் பேக்கரி அடுப்பு மின்சாரத்தில் ஓடுவது. மாலை வியாபாரத்துக்கான ரொட்டி உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது இடி இடித்து கரண்ட் போனால் அன்றைய பாடு அவ்வளவுதான். மேலே பொன்னிறமாக இருக்கும், வெட்டிப் பார்த்தால் நடுவில் களிமண். என் வீட்டுக்காரர் மாவு பிசைவதில் கெட்டிக்காரர், வானம் பார்ப்பதில் பூஜ்யம். அதனால் மதியமானால் நான்தான் மொட்டை மாடிக்குப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவேன். ஆரம்பித்தது அப்படித்தான். பிறகு போனில் ரேடார் படம் பார்க்கப் பழகினேன். பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் அடுப்பை அணை. அப்புறம் என்னைப் போலவே வானத்தைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்த சிலர் எங்கள் மாடியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கேமரா கொண்டுவந்தார்கள். போனில் ஒரு குழுவும் தொடங்கியாயிற்று.

அந்தக் குழுவில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எங்கள் தெருவிலேயே அவளுடைய அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் இவள். இவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர்கள் சுவரைப் பார்த்துப் போனால் இவள் மிதிப்பாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள்தான். எல்லோருக்கும் அவள் பிரேக் மேடம்.

கல்யாணமாகிப் போனவள், வருஷம் திரும்புவதற்குள் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த வாரமே காரின் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிட்டார். அது பல வருஷத்துக்கு முந்தைய கதை. நான் பழகியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். ஆனால் தன்னைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் உடனே ஒரு மிதி, வண்டி நின்றுவிடும்.

வானத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாமல்தான் இருந்தது, எக்ஸ்ரேக்காரர் டிரைவிங் கற்றுக்கொள்ள வரும்வரை.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மனைவி இறந்துபோய்ப் பெண்ணைத் தனியாக வளர்த்தவர். எங்கள் குழுவில் மின்னல் படம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் காரைத் தொட வந்தார். நாலாவது வகுப்போ ஐந்தாவதோ, மைதானத்தில் வளைத்துக்கொண்டிருந்தவர் நட்டநடுவில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன சார், கிளட்சா?" என்றாளாம் இவள்.

"இல்லங்க. அந்த மேகத்தப் பாருங்க."

தூரத்தில் ஒரு வெள்ளைக் கோபுரம் கொதித்து எழும்பிக்கொண்டிருந்ததாம். மேலே போகப் போக யாரோ கையால் அமுக்கியதுபோல உச்சி தட்டையாகி, ஒரு பக்கமாக நீண்டுகொண்டே போனது.

"அதுக்கு மேல போக இடமில்ல, அதான் பக்கவாட்டுல போகுது," என்றார் எக்ஸ்ரேக்காரர். "இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க கொட்டு கொட்டுன்னு கொட்டும். இங்க நமக்கு வெயில் அடிக்கும்."

"பரீட்சையில மேகம் கேக்கமாட்டாங்க சார். ரிவர்ஸ் கேப்பாங்க. எடுங்க வண்டிய," என்றாள் இவள். ஆனால் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டு போனாளாம். அந்த வாரக் கடைசியில் என் மாடிப்படியில் அவருக்குப் பின்னால் ஏறி வந்தாள்.

மாடியில் ஒரு சட்டம் உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மெதுவாக எண்ணுவோம். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கீழே. படம் அப்புறம், உயிர் முதலில். மின்னலைப் பார்த்துவிட்டு அமுக்கினால் படம் கிடைக்காது. கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் இருட்டு. எக்ஸ்ரேக்காரர் கேமராவைத் திறக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் "மூச்ச இழுங்க, பிடிங்க" என்பார். மூடும்போது "விடுங்க." நாங்களும் அறியாமல் இழுத்துப் பிடித்து விடுவோம். அவள் மட்டும் அவர் சொல்வதற்கு முன்பே பிடித்திருப்பாள். அதை நான் கவனித்தேன். மாவு புளிக்கிறதா இல்லையா என்று துணியைத் தூக்காமலே சொல்லிவிடுகிறவள் நான், இது தெரியாதா?

குழுவில் கார் வைத்திருப்பவர் யாருமில்லை. அவள் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிரைவிங் ஸ்கூல் கார் எங்களுக்குக் கால் ஆனது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு. ஊரே மழைக்குப் பயந்து வீட்டுக்கு ஓடும்போது எல் போர்டு போட்ட ஒரு கார் மட்டும் இடியைப் பார்த்து ஓடும். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"யாருக்கும்மா ட்ரெய்னிங்?"

"இவருக்குத்தான் சார்."

"இந்த இடியிலயா?"

"மழைன்னு வந்தா ஓட்டத் தெரியணும்ல சார்?"

போலீஸ்காரர் எக்ஸ்ரேக்காரரின் வழுக்கைத் தலையைப் பார்த்தார், மடியிலிருந்த கேமராவைப் பார்த்தார், கையை அசைத்துப் போகச் சொன்னார்.

முதலில் நாங்கள் நாலு பேர் போவோம். பிறகு எனக்குக் கடை, இன்னொருவருக்கு முதுகுவலி என்று ஆளுக்கொரு காரணம் வந்தது. கடைசியில் போனது அவர்கள் இரண்டு பேர். அவர் லைசென்ஸ் வாங்கிய பிறகும் எல் போர்டைக் கழற்றவில்லை. அவர் ஓட்டுவார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ரேடாரைப் பார்த்து, "இடது பக்கம் திரும்புங்க, இது பிரிஞ்சு ரெண்டா போகுது, பெரியத விட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டு வருவாள். அவளுக்கு அந்தக் கண் வந்துவிட்டது. எந்த மேகம் வளரும், எந்த மேகம் வாய்ச்சவடால் என்று பார்த்ததும் சொல்வாள்.

அவள் வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் பன் வாங்க வருவாள். முகம் கழுவிவிட்டது போலிருக்கும்.

அது ஒரு வருஷம் ஓடியது. அடுத்த வருஷம் கோடைமழை தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு பெரிய மேகத்தின் முன்னால் போய் மாட்டிக்கொண்டார்கள். அதன் அடிப்பாகம் அலமாரிப் பலகைபோல நீளமாகக் கறுத்து, அடிவானம் முழுக்க உருண்டு வந்ததாம். வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியை ஏற்றினார்கள். முதலில் குளிர்ந்த காற்று வந்து காரை ஆட்டியது. பிறகு ஆலங்கட்டி. தகரத்தில் கூழாங்கல்லைக் கொட்டினாற்போல. பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. அவர் கேமராவை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்: "நான் வேற ஊருக்குப் போறேங்க. பொண்ணு அங்கதான் காலேஜ் சேர்ந்திருக்கா. அங்க துறைமுகத்துப் பக்கம் ஆஸ்பத்திரியில எனக்கும் வேலை கிடைச்சிருக்கு. அவளத் தனியா விட மனசு வரல."

"நல்லதுதானே," என்றாள் இவள்.

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நீங்களும் வாங்களேன்," என்றார்.

இவளுக்கு அது எந்த 'வாங்க' என்று புரியவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்க வாங்களா? லீவுக்கு ஒரு நடை வாங்களா? அல்லது இன்னொன்றா? கேட்டிருக்கலாம். "மழை விட்டுருச்சு, எடுங்க வண்டிய," என்று சொல்லிவிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது கடையில் ஆள் யாருமில்லை. தட்டில் வைத்த கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள், ஒரு வாய் கூட எடுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் எப்ப மிதிக்கணும்னு சொல்லிக்கொடுக்கிறேங்க்கா. எப்ப மிதிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியல," என்றாள்.

அவர் போய்விட்டார்.

எங்கள் பக்கம் மேகம் மேற்கே கிளம்பிக் கிழக்கே போகும். அவர் போன ஊர் கிழக்கே, கடலோரம். எங்கள் மாடியில் இடித்துவிட்டுப் போகிற மேகம் பல நாள் மாலையில் அவர் தலைமேல் போய் நிற்கும். இவள் குழுவில் எழுதுவாள்: "கிளம்பிருச்சு. நல்ல உயரம். உங்க பக்கம்தான்." எல்லோருக்கும் பொதுவாக எழுதியதுதான். ஆனால் உங்க பக்கம் என்று இருப்பது ஒருத்தருக்கு மட்டும். பிறகு நாங்கள் விளக்கேற்றும் நேரத்துக்கு அவரிடமிருந்து ஒரு படம் வரும்; துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பின்னால் ஒரு மின்னல். கீழே, "வந்து சேர்ந்துச்சு." அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனை தடவை படிப்பாளோ.

தனியாக ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். "என்னன்னு எழுதுறது? மழையப் பத்தின்னா கைவருதுக்கா. வேற எழுதினா அழிச்சிர்றேன்," என்றாள்.

வீட்டில் அண்ணிக்கு வாய் நீளம், மனசும் நீளம். "மழை வந்தா ஊர்ல எல்லாரும் கொடியில துணி எடுக்க ஓடுவாங்க. இவ போன எடுக்க ஓடுறா," என்று என்னிடமே வந்து சொன்னாள். "ஈரத்துணியோட எத்தனை நாள் படுக்கிறது? இவளுக்கு யார்கிட்டயாவது மந்திரிக்கணுமா, இல்ல அந்த ஆள்கிட்டயே போய்க் கேக்கணுமா, நீங்களே சொல்லுங்க."

"கேக்கவேண்டியது அவதான்," என்றேன்.

வறண்ட மாதங்கள்தான் அவளுக்குக் கஷ்டம். வானம் பளிச்சென்று இருக்கும், குழுவில் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சொல்ல மேகம் இல்லை என்றால் அவருக்குச் சொல்ல அவளிடம் ஒன்றுமே இல்லை. வகுப்பு இல்லாத மதியங்களில் கடைக்கு வந்து, மேற்கே பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். தேநீர் ஆறிப் போகும். ஒரு பஞ்சுப் பொட்டு தெரிந்தால்கூட எழுந்து போய்ப் பார்ப்பாள்.

மறுபடி கோடைமழை வந்தது. ஒரு புதன்கிழமை மதியம் எங்கள் மாடியிலிருந்து பார்த்த மேகத்தை என் ஆயுசில் மறக்கமாட்டேன். மலை எழுந்து நடந்தாற்போல இருந்தது. ரேடாரில் நடு சிவப்புக்குள் இன்னொரு நிறம். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"பின்னாடியே போறேங்க்கா."

"வகுப்பு?"

"அண்ணிகிட்ட சொல்லிட்டேன். கேன்சல்."

அவள் தனியாகக் கார் ஓட்டிப் போய் நான் அதுவரை பார்த்ததில்லை. எப்போதும் பக்கத்து சீட்டுதான். மேகம் முன்னால், அவள் பின்னால். மழை கழுவிவிட்ட ரோட்டில், நனைந்த மரக்கிளைகளை ஒதுக்கி ஒதுக்கிப் போனாளாம். தூரத்தில் மேகத்தின் முதுகு வெயிலில் மின்னியது. உள்ளே விட்டு விட்டு ஒரு வெளிச்சம். மனசுக்குள் ஒத்திகை வேறு. 'மேகத்தத் துரத்திட்டு வந்தேன், இந்தப் பக்கம் வந்துருச்சு, அப்படியே எட்டிப் பார்க்கலாம்னு...' நல்ல சாக்கு. யாரும் குறை சொல்ல முடியாது.

பாதி வழியில் மேகம் செத்துப்போனது.

சில மேகம் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, தான் கொட்டிய குளிரிலேயே தானும் அடங்கிவிடும். ரேடாரில் சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது, பச்சையும் கிழிந்து போனது. எதிரே வானத்தில் நார் நாராக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் வந்தது. அவள் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மேகம் போச்சு."

"நானும் பாத்தேன். சரி, திரும்பி வா."

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, வராத," என்றேன். "போ."

"என்னன்னு சொல்லிட்டுப் போறது?"

"அது உன் பாடு. எனக்கு ரொட்டி கெட்டுப்போச்சு, நான் அதப் பாக்கணும்," என்று போனை வைத்துவிட்டேன்.

மிச்சத்தை அவள் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுக் கேட்டுப் போனாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீள பெஞ்சு. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்ட ஒருவர், இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தூங்கும் குழந்தையை மடியில் வைத்த ஒரு பெண். அவர்களுக்கு நடுவில் இவளும் உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது: "மூச்ச இழுங்க... பிடிங்க..." ஒரு க்ளிக். "விடுங்க." அடுத்த ஆள். மறுபடியும் அதே வார்த்தைகள். இவள் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்தாளாம். உள்ளே போனவர்களுக்கு எலும்பு தெரிந்திருக்கும். தனக்கு என்னவெல்லாம் தெரிந்தது என்று சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை.

பெஞ்சு காலியான பிறகு அவர் வெளியே வந்தார். இவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னாச்சு? எங்க அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் படலங்க."

"பின்ன? மேகம்கூட வரலயே இன்னைக்கு. பாதியிலயே..."

"ஆமா, அது வரல. நான் மட்டும்தான் வந்தேன்."

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாராம். பிறகு கேண்டீனுக்குக் கூட்டிப்போனார். இரண்டு டீ வந்தது. இவள் ஆறவிடவில்லை, நாக்கைச் சுட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்:

"அன்னைக்கு ஆலங்கட்டி மழையில, 'நீங்களும் வாங்களேன்'னு சொன்னீங்களே. அது எந்த வாங்க?"

"நீங்க எதுன்னு எடுத்துக்கிட்டீங்க?"

"நான் எடுத்துக்கவே இல்ல. அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் டீயைத் தள்ளிவைத்துவிட்டு, "இருக்க வாங்கன்னுதான் சொன்னேன்," என்றார். "நீங்க வண்டிய எடுன்னு சொன்னதும், சரி, பதில் அதுதான்னு நினைச்சிட்டேன்."

"இப்போ?"

"இப்பவும் அதே வாங்கதான்."

அங்கேயே அழுதுவிட்டாளாம். பக்கத்து மேசைக்காரர்கள் ஆஸ்பத்திரி அழுகை என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அன்று சாயந்திரமே அவர் பெண்ணையும் பார்த்தாள். அந்தப் பெண் இவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எங்கப்பா அந்த ஊர்ல எடுத்த எல்லா மின்னல்லயும் ஓரத்துல ஒரு எல் போர்டு தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு எடுக்கவேண்டியதுதானேன்னு நினைப்பேன்," என்று சொல்லிச் சிரித்ததாம். அவர் இருந்தது ஒற்றை அறையில், பெண் இருந்தது காலேஜ் விடுதியில்; இரவு அந்த விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பினாள்.

வந்தவள் உடனே கிளம்பிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். அவள் அண்ணனுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவிங் ஸ்கூல் முழுக்க இவள் ஒருத்தி காலில் நின்றது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டவரை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. எக்ஸ்ரேக்காரரும் இங்கே தன் பழைய ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் பார்த்தார்; காலி இல்லை என்றார்கள். போன் பேசுவார்கள். இப்போது மழை இல்லாவிட்டாலும் பேசினார்கள். அதனால் ஏக்கம் குறைந்ததா என்றால், இல்லை. இன்னும் கூடிப்போனது. முன்பெல்லாம் எதற்கு ஏங்குகிறோம் என்று தெரியாமல் ஏங்கினாள். இப்போது அதற்கு ஒரு அறை, ஒரு தெரு, ஒரு கேண்டீன் மேசை எல்லாம் வந்துவிட்டன.

முடிச்சை அவிழ்த்தது அண்ணி. ஒருநாள் காலை, சமையல் முடித்த கையோடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரில் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"சொல்லிக் குடு."

"என்ன அண்ணி, இந்த வயசுல?"

"அந்த வழுக்கத்தலை கத்துக்கலையா? எனக்கு என்ன குறை? முதல்ல ஓட்டக் கத்துக்கிறேன். அப்புறம் உன் சீட்டுல உக்காந்து அந்தப் பிரேக்க மிதிக்கக் கத்துக்கிறேன். வீட்ல உங்கண்ணன இத்தனை வருஷமா நான்தான் மிதிச்சு நிறுத்திட்டு வர்றேன், ஒரு கார் என்னை மீறிப் போயிருமா?"

"அண்ணி..."

"உங்கண்ணன்கிட்ட நான் சொல்லியாச்சு. ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. நேத்து ராத்திரிதான், 'அவ வண்டில டயர் தேஞ்சிருக்கு, போறதுக்குள்ள மாத்திக் குடு'ன்னாரு. போதுமா? சாவியக் குடு."

அண்ணி ஓட்டிய கதை தனியாகச் சொல்லவேண்டியது. எங்கள் கடைப் படியில் ஒருநாள் முன்சக்கரம் ஏறிவிட்டது. ரிவர்ஸில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவது தடவை தேறி வந்து தெருவெல்லாம் கேக் கொடுத்தாள், என் கடையில் கடனுக்கு வாங்கி. பிறகும் பயிற்சி கொடுப்பதற்கான லைசென்ஸுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் இப்போது இருக்கிறார்கள்.

நேற்று மதியம் அவள் கடைக்கு வந்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. போனை என் முன்னால் நீட்டினாள். அவர் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடம், சின்னச் சமையலறை, கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடலின் ஒரு துண்டு.

"நல்ல வீடுதானே?" என்றேன்.

"நல்ல வீடுதான். ஆனா ஜன்னல் எல்லாம் கிழக்கே பாத்திருக்குக்கா. அங்கிருந்து பாத்தா மழை வர்றது தெரியாது. பெய்ஞ்சு முடிச்சிட்டுக் கடல்மேல போறதுதான் தெரியும்."

"அப்போ வேற வீடு பாக்கச் சொல்லு."

"ஐயோ, வேணாம்." படத்தை விரலால் பெரிதாக்கி அந்தச் சமையலறையை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொட்டை மாடி இருக்காம். சாவி வீட்டுக்காரம்மாகிட்ட இருக்காம். கேட்டு வாங்கிவைங்கன்னு சொல்லியிருக்கேன்."